மஞ்சள் பையில் போகும் எலும்பு: நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

மார்பகப் புற்று எலும்புக்குப் பரவுவதைப் பற்றிய எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தைத் திருப்பி அனுப்பி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. "இது அடிப்படை ஆராய்ச்சி, இவ்வட்டாரத்தின் உடனடித் தேவைக்குப் பயன்படாது. அவசியமெனில் எலி மாதிரியைக் கொண்டு செய்யலாம். மனிதத் திசு சேகரிப்புக்கு அனுமதி இல்லை." அதன் பின்னாலேயே நிர்வாகத்திடமிருந்து இன்னொரு தாள் வந்தது. செல் வளர்ப்பு அறையைக் காலி செய்து, விடைத்தாள் கட்டுகள் அடுக்க ஒப்படைக்க வேண்டுமாம். இரண்டாவது தாளில் உங்கள் கையெழுத்து இல்லை. ஆனால் முதல் தாள் வராமல் அது வந்திருக்காது.

இதையெல்லாம் முறைப்படி குழுவுக்கே எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. யாருக்கு எழுதியது என்று உரியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாங்கள் கேட்டது இதுதான். இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கும், வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த வயதானவர்களுக்கும் செயற்கை மூட்டு வைக்கும்போது, தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்த எலும்பு, துளைகளுக்குள் மஜ்ஜை. எலும்பு வங்கி வைத்திருக்கும் மருத்துவமனைகள் இதை உறைய வைத்து, இன்னொரு நோயாளிக்கு எலும்பு ஒட்டு வைக்கப் பயன்படுத்துகின்றன. வங்கி இல்லாத இடத்தில், 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பைக்குள் போய்ச் சாம்பலாகிறது. அந்த எலும்பை, நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, எரிப்பதற்கு முன் எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். கூடுதலாக ஒரு வெட்டு கிடையாது, ஒரு ஊசி கிடையாது. ஆபரேஷன் தியேட்டரில் எப்படியும் வெட்டியெடுக்கிற எலும்பு.

அதைச் சில மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக எடுத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஊட்டநீரில் உயிரோடு வைத்து, அதன் மேல் மார்பகப் புற்று செல்களை விட்டு, அவை எங்கே போய் ஒட்டுகின்றன, எப்போது எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன, எந்த மருந்துக்கு அடங்குகின்றன என்று பார்ப்பது எங்கள் திட்டம். பட்டுப் புரதத்தையும் எலும்பின் தாது உப்பான ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் சேர்த்து நாங்களே செய்யும் செயற்கைச் சட்டகத்தில் அதே செல்களை வளர்த்து, நிஜ எலும்போடு ஒப்பிடுவது இரண்டாம் பகுதி. பட்டுக்கூடு தருமபுரி அங்காடியில் கிடைக்கிறது. சோடியம் கார்பனேட் கரைசலில் வேகவைத்துப் பசையை நீக்கினால் மிஞ்சுவது பைப்ரோயின் என்ற அந்தப் பட்டுப் புரதம். இதற்கு வெளிநாட்டிலிருந்து ஒன்றும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இது "இவ்வட்டாரத்தின் தேவை" இல்லை என்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உறங்கவிடவில்லை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடியில் சொளவு, குனிந்த முதுகு, காலை ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் அதே இருப்பு. என் அத்தை அப்படித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். மார்பகத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, நல்லாயிட்டு என்று எல்லோரும் நினைத்து, வருடங்கள் ஓடியபின் முதுகு வலி வந்தது. "பீடி சுத்துறவளுக்கு முதுகு வலிக்காம என்னட்டி செய்யும்?" என்று அவளே சொன்னாள். பக்கத்து ஆஸ்பத்திரியிலும் அதையே வேறு வார்த்தையில் சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். தைலம், ஒத்தடம், பெல்ட். ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கக் கால் வரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் மூன்று இடத்தில் புற்று அரித்திருந்தது. திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற்றிக் கொண்டுபோனோம். ரேடியேஷனில் வலி தணிந்தது. அப்புறம் மாதாமாதம் "எலும்பு ஊசி". அவள் எழுந்து நடக்கவில்லை.

அத்தை கேட்ட கேள்விக்கு அந்த ரயிலில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "மாரைத்தான் எடுத்தாச்சே, இது எலும்புக்கு எப்படிப் போச்சு? போனது இத்தனை வருசமா எங்க இருந்துச்சு?" நான் உயிர்த்தொழில்நுட்பம் நடத்துகிற ஆள். என்னிடம் பாடப்புத்தகத்துப் பதில்தான் இருந்தது.

புத்தகத்துப் பதில் 1889இல் தொடங்குகிறது. ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, புற்று கண்டபடி பரவவில்லை, சில உறுப்புகளைத் தேடிப்பிடித்துப் போகிறது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். விதை நாலாபக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் சொன்ன உவமை. தாமிரபரணிப் பாசனத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்பகப் புற்றுக்கும் புராஸ்டேட் புற்றுக்கும் எலும்பு அப்படிப்பட்ட மண். இந்த இரண்டு புற்றும் முற்றி இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு எலும்பில் பரவியிருந்தது.

அங்கே நடப்பது என்ன என்பதும் ஓரளவு தெரியும். நம் எலும்பு வாழ்நாள் முழுக்கக் கரைந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்க ஒரு வகை செல், கட்ட ஒரு வகை செல். மார்பகப் புற்று செல் அங்கே போய் உட்கார்ந்ததும் ஒரு புரதத்தைச் சுரந்து, கட்டுகிற செல்லைத் தூண்டுகிறது. அது ரேங்க்எல் என்ற சமிக்ஞையைக் கூட்ட, கரைக்கிற செல்கள் பெருகுகின்றன. எலும்பு கரையக் கரைய அதற்குள் பூட்டி வைத்திருந்த வளர்ச்சிக் காரணிகளும் கால்சியமும் வெளியே வந்து புற்றுக்கே தீனியாகின்றன. தின்ற புற்று இன்னும் சுரக்கிறது, எலும்பு இன்னும் கரைகிறது. அத்தைக்குப் போட்ட ஸோலெட்ரானிக் அமிலம் இந்தச் சுழற்சியில் கரைக்கிற செல்லை முடக்குகிற மருந்து. டெனோசுமேப் என்ற இன்னொரு மருந்து ரேங்க்எல்லையே பிடித்து வைக்கிறது. இரண்டும் எலும்பு முறிவைத் தள்ளிப்போடும், வலியைக் குறைக்கும். குடியேறிய புற்றை அவை ஒழிப்பதில்லை.

அத்தையின் இரண்டாவது கேள்விக்குத்தான் இன்னும் சரியான பதில் உலகத்திலேயே இல்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்கிற மார்பகப் புற்று 20 ஆண்டு கழித்துக்கூடத் திரும்பி வரலாம். அத்தனை காலம் அந்த செல்கள் மஜ்ஜையில் ஏதோ ஓர் இடுக்கில் பிரியாமல், பெருகாமல் கிடக்கின்றன. எது அவற்றை உறங்க வைக்கிறது, எது எழுப்புகிறது? உயிருள்ள மனிதரின் முதுகெலும்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. அதனால்தான் உடம்புக்கு வெளியே வைத்துப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும்.

பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துப் பார்க்கலாமே என்று என் மாணவர்களே முதலில் கேட்பார்கள். தட்டில் அந்த செல்கள் தட்டையாகப் படர்ந்து செழித்து வளரும். அங்கே கரைக்க எலும்பு இல்லை, கரைக்கிற செல் இல்லை, மஜ்ஜைக் கொழுப்பு இல்லை. தட்டில் புற்றை அழித்த மருந்துகள் பல, உடம்புக்குள் போனதும் கைவிட்டிருக்கின்றன.

எலியில் செய்யலாம் என்பது உங்கள் யோசனை. சரி, அதையும் பார்ப்போம். எலிக்கு வரும் மார்பகப் புற்று தானாக எலும்புக்குப் பரவுவது அரிது. ஆகவே மனிதப் புற்று செல்லை எலியின் இதயத்துக்குள் ஊசியால் செலுத்தி, ரத்தத்தோடு எலும்புக்குப் போக வைக்கிறார்கள். இல்லையென்றால் கால் எலும்பையே துளைத்து உள்ளே விடுகிறார்கள். மனித செல்லை எலி உடம்பு நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பு இல்லாத எலியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் சில வார வயதுள்ள குட்டி எலிகளைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் வளர்கிற எலும்பில்தான் புற்று எளிதாகப் பிடிக்கிறது. மாதவிடாய் நின்று, எலும்பு மெலிந்து, மஜ்ஜையெல்லாம் கொழுப்பாகிப் போன அறுபது வயதுப் பெண்ணின் முதுகெலும்பில் நடப்பதை ஒரு குட்டி எலியின் காலில் தேடச் சொல்கிறீர்கள். எலி ஆராய்ச்சியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன சுழற்சியில் பாதி எலியில் கண்டுபிடித்ததுதான். ஆனால் எங்களிடம் அந்த எலிகளை வைத்துக் காக்கிற கிருமியற்ற கூடமும் இல்லை, கட்டப் பணமும் இல்லை. இருக்கிற வசதியை மூடிவிட்டு இல்லாத வசதியைக் காட்டுவது என்ன நியாயம்?

இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் வயதானவர்கள், நிறையப் பேர் பெண்கள்.   புற்று போய்க் குடியேறுகிற அதே வயது எலும்பு, அதே மஜ்ஜை. எந்தக் கம்பெனியிடமும் விலைக்கு வாங்க முடியாத பொருள். நாங்கள் பயன்படுத்தும், ஆய்வகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் புற்று செல் வரிசைகள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வருபவை. அவற்றில் ஒன்று 1970களில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பெண்ணின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் வேலை நடக்கிறது. விதை எங்கிருந்தோ வருகிறது. மண்ணையாவது நம்மூரிலிருந்து எடுக்கக் கூடாதா?

"பெரிய நகரத்து நிறுவனங்கள் செய்யட்டும்" என்று உங்களில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அவர்கள் செய்யட்டும், செய்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் தூரம்தான் பெரிய விஷயம். தியேட்டரிலிருந்து வெளியே வந்த எலும்பு சில மணி நேரத்துக்குள் ஊட்டநீரில் இறங்கி, வெட்டப்பட்டு, இன்குபேட்டருக்குள் போக வேண்டும். எலும்பு வங்கியில் செய்வதுபோல அப்படியே உறைய வைத்தால் ஒட்டு வைக்க உதவும், ஆனால் உள்ளே இருக்கும் செல்கள் செத்துப்போகும். பார்சலில் போட்டுச் சென்னைக்கு அனுப்பிப் பலனில்லை. பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சை நடக்கும் இடமும் ஆய்வகமும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. இந்த வசதி எல்லாப் பெரிய நகரங்களிலும் கிடையாது, அங்கே போக்குவரத்து நெரிசலிலேயே நேரம் போய்விடும்.

சம்மதம் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. மூட்டு மாற்றச் சேர்ந்திருக்கும் ஒரு வயதானவரிடம், மருத்துவரே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், மறுத்தால் சிகிச்சை கெட்டுவிடுமோ என்று பயந்து போடக்கூடும். அதனால்தான் சம்மதத்தைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் கேட்கக் கூடாது, வேறு ஆள் கேட்க வேண்டும், தமிழில் கேட்க வேண்டும், மறுத்தால் ஒன்றும் நேராது என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று எங்கள் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். பெயர் நீக்கி எண் மட்டும் போட்டு வாங்குவோம் என்றும் எழுதியிருந்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில், சிகிச்சையில் மிஞ்சும் திசுவை ஆராய்ச்சிக்கு எடுப்பது குறித்தும் திசு வங்கி குறித்தும் தனிப் பகுதியே உண்டு. அது தடை செய்யவில்லை, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் கடிதம் அதில் எந்த விதியை நாங்கள் மீறுகிறோம் என்று சொல்லவில்லை.

மக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். என் மாமனாருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள், இங்கேயே. மறுநாள் அவர் நர்ஸம்மாவிடம், "எடுத்த எலும்ப என்னம்மா செய்வீக?" என்று கேட்டார். எரித்துவிடுவோம் என்றார் அவர். மாமனார் என் பக்கம் திரும்பி, "ஒனக்கு ஆகும்னா குடுத்திருப்பேனே, ஒரு வார்த்த கேட்டாவளா?" என்றார். கண்தானத்துக்கு எழுதிக்கொடுக்கிற ஊர் இது, மருத்துவக் கல்லூரிக்கு உடலையே தருகிற குடும்பங்கள் இருக்கிற ஊர். கேட்காமலே மறுப்பார்கள் என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

திட்டத்தின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. வெட்டியெடுத்த எலும்பில் ரத்த ஓட்டம் இல்லை. நோய் எதிர்ப்பு செல்கள் புதிதாக வந்து சேராது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாள்கணக்கில், திறமையான கைகளில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இருபது வருட உறக்கத்தை அதில் முழுசாகப் பார்க்க முடியாது. மூட்டு தேய்ந்தவர்களின் எலும்பு ஓரங்களில் இறுகிப்போயிருக்கும். இடுப்பெலும்பு முதுகெலும்பும் ஆகாது. அதனால்தான் செயற்கைச் சட்டகத்தோடு ஒப்பிடுவது. இந்த ஆராய்ச்சியால் அடுத்த வருடமே யாரும் குணமாகப் போவதில்லை. ஆனால் மருந்துச் சோதனையின் திசையே இந்தப் பக்கம் திரும்புகிறது. அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனைக்குப் பதிலாக செல், திசு மாதிரிகளையும் ஏற்கலாம் என்றது. இந்திய அரசும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளைத் திருத்தி அதற்கு இடம் கொடுத்தது. நாளைக்கு இந்த வேலைக்குக் கை பழகிய பிள்ளைகள் தேவைப்படுவார்கள். அவர்கள் சேரன்மகாதேவியிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற எங்கள் மாணவிகளாக இருக்கக் கூடாதா?

அந்த மாணவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே இருண்டு கிடந்தபோது, செல்கள் உறைந்திருக்கும் திரவ நைட்ரஜன் குடுவையை நிரப்ப வண்டி வர வழியில்லை. மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டியது. ஹாஸ்டலில் இருந்த இரண்டு பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, குடுவையில் குச்சியை விட்டு மட்டம் பார்த்துப் பார்த்து எனக்குப் போனில் சொன்னார்கள். மட்டம் தாங்கியது, செல்கள் பிழைத்தன. வெள்ளத்துக்குத் தப்பிய அறையை விடைத்தாளுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். விடைத்தாள் கட்டு என்றால் தூசி, தூசி என்றால் பூஞ்சை. ஒரே ஒரு வாரம் அங்கே கட்டுகளை அடுக்கினால், பிறகு அந்த அறையில் ஒரு தட்டுகூடச் சுத்தமாக வளர்க்க முடியாது. மருந்தடித்து மீட்க மாதங்கள் ஆகும். விடைத்தாளுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், எந்த அறையில் இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

நான் கேட்பவை இவை.

விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், எங்களை நேரில் அழைத்துக் கேளுங்கள். ஒரு எலும்பு மருத்துவரும் ஒரு நோயியல் மருத்துவரும் எங்களோடு வரத் தயாராக இருக்கிறார்கள். அப்போதும் மறுப்பதாக இருந்தால், எந்த விதியின் கீழ், எந்தக் காரணத்துக்காக என்று எழுத்தில் கொடுங்கள். திருத்தக் கூடியதைத் திருத்தி மறுபடி வருவோம். மொத்தமாக அனுமதிக்கத் தயக்கம் என்றால், முதலில் பத்துப் பேரிடம் மட்டும் சம்மதம் கேட்க விடுங்கள். எத்தனை பேர் தருகிறார்கள், எத்தனை பேர் மறுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறோம். அதைப் பார்த்து மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.

சம்மதப் படிவத்தை நீங்களே வாசித்துத் திருத்துங்கள். குழுவில் பொதுமக்கள் சார்பில் இருக்கும் உறுப்பினர் இடத்துக்கு, புற்றுநோய் பார்த்த வீட்டிலிருந்து ஒருவரை, முடிந்தால் பீடி சுற்றும் ஒரு பெண்ணைக் கொண்டுவாருங்கள். படிவம் அவருக்குப் புரியவில்லை என்றால் அந்தப் படிவம் செல்லாது என்று வைத்துக்கொள்வோம்.

ரத்தத்தில் பரவும் தொற்று பற்றிப் பயம் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் எப்படியும் எடுக்கும் எச்ஐவி, மஞ்சள் காமாலைப் பரிசோதனை முடிவை எண்ணோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தொற்று உள்ள எலும்பு எங்களுக்கு வேண்டாம். வேலை முடிந்து மிஞ்சுவதை அதே மஞ்சள் பையில் போட்டு, அதே கணக்கில் எழுதி ஒப்படைக்கிறோம்.

உங்கள் முடிவு வரும்வரை செல் வளர்ப்பு அறையின் பூட்டு எங்களிடமே இருக்கட்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜெனரேட்டர் இணைப்பையும் துண்டிக்க வேண்டாம் என்று அதிலேயே சேருங்கள். விடைத்தாள் கட்டுகளுக்குப் பழைய நூலகக் கட்டடத்தின் மேல்மாடி காலியாக இருக்கிறது. ஆள் பிடித்து ஏற்றித் தரும் பொறுப்பை எங்கள் துறை எடுத்துக்கொள்கிறது.

இந்த மாத இறுதிக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை